ஒரு மாணவனுக்குக் கிடைத்த உதவி, ஒரு நாட்டின் உரிமையான கதை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாள் எங்கள் ஊர்களில் ஒரு திருவிழா மாதிரி. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளையின் படம் பாடசாலை மதிலில் தொங்கும். வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ சித்தப்பாவோ சைக்கிள் வாங்கக் காசு அனுப்புவார். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும். இந்தப் பரீட்சை யாருடைய யோசனை, எதற்காகத் தொடங்கப்பட்டது என்று அந்த ஆரவாரத்துக்குள் யாரும் கேட்பதில்லை.

அதைக் கொண்டுவந்த மனிதர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. இலவசக் கல்வியின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக அவரைப் படித்திருப்போம். பரீட்சைக்கு ஒரு புள்ளி தரும் விடை என்பதற்கு மேல் எங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தெற்கில் பிறந்து, தெற்கில் அரசியல் செய்து, தெற்கில் மறைந்த ஒரு சிங்கள அரசியல்வாதி. ஆனால் இந்த நாட்டில் காசு கொடுக்காமல் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையின் கதையிலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. அவருடைய சொந்த வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்தால், இன்று வன்னியிலும் படுவான்கரையிலும் மலையகத்திலும் வசதியற்ற பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வியும் கிடைக்கும்.

அம்பலாங்கொடைப் பையன்

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேக்கோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அருகில் ரந்தொம்பே என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் நீதிமன்றத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் அரச உத்தியோகத்தர். பட்டினி கிடந்த குடும்பம் அல்ல. ஆனால் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. நல்ல ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் விடுதிக் கட்டணம் கட்டிப் படிப்பிக்கிற வசதி அந்த வீட்டில் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் அந்தக் கட்டணம்தான் ஒரு பிள்ளையின் தலையெழுத்து. நாட்டில் இரண்டு வகைப் பாடசாலைகள் இருந்தன. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பித்த சுயபாஷைப் பாடசாலைகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. நாட்டின் பெரும்பான்மைப் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். படித்து முடித்தால் கிராமத்து ஆசிரியராகலாம், அதற்கு மேல் கதவு அடைபட்டிருந்தது. மற்றது ஆங்கிலப் பாடசாலை. அதற்குக் கட்டணம் உண்டு. எழுதுவினைஞர், வைத்தியர், சட்டத்தரணி, சிவில் சேவை உத்தியோகத்தர் எல்லோரும் அந்த வாசலால் வந்தவர்கள். மூளை எவ்வளவு இருந்தாலும் தகப்பனிடம் காசு இல்லாவிட்டால் அந்த வாசல் திறக்காது.

கன்னங்கரா முதலில் அம்பலாங்கொடையில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பாடசாலையில் படித்தார். அங்கே ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்தவர் காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர், மெதடிஸ்த மதகுரு ஜேம்ஸ் ஹோர்ன் டரல். ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்கிக்கொண்டு போவதை அவர் கவனித்தார். இத்தனை புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்க வேண்டியிருக்கும் என்று அவர் பகிடி விட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. பகிடியோடு அவர் நின்றுவிடவில்லை. றிச்மண்டில் புலமைப்பரிசிலோடு படிக்கிற வாய்ப்பை அந்தப் பையனுக்கு ஏற்படுத்திக் கொடுத்தார்.

இன்று நாம் அனுசரணை என்று சொல்வது இதைத்தான். ஒரு பெரிய மனிதர், ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, இடைநிலைக் கல்வி முடியும்வரை ஓர் ஆதரவு.

றிச்மண்டில் கன்னங்கரா அந்த உதவியை வீணாக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எண்கணிதத்தில் பிரித்தானியப் பேரரசு முழுவதிலும் முதலிடம் பெற்றார். கல்லூரியின் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தார். படித்து முடித்ததும் அதே கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார்.

டரல் 1906ஆம் ஆண்டு இறந்தார். கல்லூரியில் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது நோயுற்ற மாணவர்களை அவரே பராமரித்தார். அந்த நோய் அவருக்கும் தொற்றியது. தன்னைத் தூக்கிவிட்ட மனிதர் மாணவர்களுக்காகவே உயிரை விட்டதைக் கன்னங்கரா தன் இருபதுகளின் தொடக்கத்தில் கண்டார். அவருடைய பிற்கால வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் இந்த உறவில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

சட்டத்தரணியும் இராமநாதனும்

ஆசிரியத் தொழில் செய்துகொண்டே சட்டம் படித்து, 1910இல் சட்டத்தரணியாகிக் காலியில் தொழில் தொடங்கினார். அவருடைய அரசியல் பிரவேசம் எங்கள் வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1911இல் சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தபோது, அவர் பிரசாரம் செய்தது சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்காக. எதிரே நின்றவர் சிங்களவரான டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. இராமநாதன் வென்றார். 1915 கலவரத்தையடுத்து ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறைப்பிடித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகக் கன்னங்கரா நீதிமன்றத்தில் தோன்றினார். இராமநாதன் சபையிலும் பின்னர் இலண்டனிலும் அதே மக்களுக்காக வாதாடினார்.

அந்தக் காலம் வெகு விரைவில் மாறிப்போனது. இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக இருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம், பிரதிநிதித்துவம் பற்றிய வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று 1921இல் அதிலிருந்து விலகினார். கன்னங்கரா அதே காங்கிரஸில் வளர்ந்து பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். 1923இல் தென் மாகாணத்தில் இருந்து சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார்.

வெறுமையாய்க் கிடந்த யாழ்ப்பாண ஆசனங்கள்

1931இல் டொனமூர் யாப்பு வந்தது. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவின் தலைவரும் அமைச்சரானார். கல்விக் குழு கன்னங்கராவைத் தலைவராகத் தெரிவுசெய்தது. இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சர் அவர்தான். 1947 வரை, பதினாறு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

அவர் கல்வியைப் பொறுப்பேற்ற அந்த முதல் சபையில் யாழ்ப்பாணத்துக்குரிய நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. டொனமூர் யாப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்திருந்தது. 1934இல்தான் அந்த ஆசனங்கள் நிரம்பின. அடுத்து 1936இல் அமைந்த அமைச்சர் குழுவில் ஒரு தமிழரும் இல்லை. தனிச் சிங்கள அமைச்சரவை என்று தமிழ் அரசியல் இன்றுவரை நினைவில் வைத்திருக்கும் அந்தக் குழுவில் கன்னங்கராவும் ஓர் உறுப்பினர். அவரைப் பற்றி எழுதும்போது இதை மறைக்கத் தேவையில்லை. கல்வியில் அவர் செய்ததைச் சொல்வதற்கும் இது தடையில்லை.

1939இல் அவர் கொண்டுவந்த 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம்தான் இன்றுவரை இந்த நாட்டுக் கல்வி நிர்வாகத்துக்கு அடிப்படை. அதற்கடுத்து கல்வி முறை முழுவதையும் ஆராய ஒரு விசேட குழுவை அமைத்து அவரே தலைமை வகித்தார். 1943இல் அதன் அறிக்கை வெளியானது. பாலர் வகுப்பில் இருந்து பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமாக இருக்க வேண்டும், ஆரம்பக் கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான சிபாரிசுகள். 1944இல் அவை அரசாங்க சபைக்கு வந்தன. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கட்டணத்தில் நடந்த பெரிய ஆங்கிலக் கல்லூரிகள் எதிர்த்தன. கத்தோலிக்கத் திருச்சபை தன் பாடசாலைகளின் சுதந்திரம் பறிபோகும் என்று பயந்தது. நிலமும் தோட்டமும் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு பயம். எல்லாப் பிள்ளைகளும் படித்துவிட்டால் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்ய ஆள் எங்கே கிடைக்கும்? அதை யாரும் பகிரங்கமாகச் சொல்ல விரும்பவில்லை. செலவு தாங்காது, தரம் குறைந்துவிடும் என்ற வாதங்களாக அது சபைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்திலும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. மிஷன் கல்லூரிகளும் சைவ நிறுவனங்களும் நிறைந்த குடாநாட்டில் கட்டணம் பல பாடசாலைகளின் உயிர்நாடி. ஆனால் வாலிபர் காங்கிரஸின் தூணாக இருந்த ஹன்டி பேரின்பநாயகம், ஆசிரியர் சங்கங்கள் ஊடாக இலவசக் கல்விக்காகக் குரல் கொடுத்தார். டொனமூர் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்ன அதே மனிதர், அந்த யாப்பின் கீழ் வந்த ஓர் அமைச்சரின் திட்டத்துக்குத் துணை நின்றார். பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக அந்த இலவசக் கல்வியை அவரே நடத்தியும் காட்டினார்.

மொழி விடயத்திலும் அதே 1944 முக்கியமான ஆண்டு. சிங்களத்தை ஆட்சி மொழியாக்க வேண்டும் என்று ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்று கிழக்கைச் சேர்ந்த வி. நல்லையா திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

கிராமத்துக்கு வந்த கல்லூரி

கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதை றிச்மண்டில் விடுதி வசதியோடு படித்த மனிதருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நல்ல பாடசாலை காலியில் இருந்தால் ரந்தொம்பேப் பிள்ளைக்கு என்ன பயன்? பாடம் இலவசம் என்றாலும் தங்குமிடமும் சாப்பாடும் யார் கொடுப்பது?

அதற்கு அவர் கண்ட பதில் மத்திய கல்லூரி. பட்டினத்தில் இருந்து தூரமான கிராமப் பகுதிகளில், விஞ்ஞான ஆய்வுகூடமும் நூலகமும் விளையாட்டு மைதானமும் விடுதியும் கொண்ட பெரிய பாடசாலைகளை அமைத்தார். தேர்தல் தொகுதிக்கு ஒன்று என்பது இலக்கு. முதலாவது, அவருடைய தொகுதியான மத்துகமவில் எழுந்தது. அது இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் பதவி விடுவதற்குள் 54 மத்திய கல்லூரிகள் உருவாகியிருந்தன.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் இதற்காகத்தான் வந்தது. கிராமத்துப் பாடசாலையில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடித்து, மத்திய கல்லூரியில் சேர்த்து, விடுதியில் இலவசமாகத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, இடைநிலைக் கல்வி முடியும்வரை அரசு பார்த்துக்கொள்ளும். ஒரு டரல் வந்து ஒரு பையனைக் கண்ணில் காணும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பரிசளிப்பு விழாவில் தற்செயலாக நடந்த ஒன்றை அவர் நாட்டுக்கே ஒரு முறையாக மாற்றினார்.

தமிழ்ப் பகுதிகளுக்கும் மத்திய கல்லூரிகள் வந்தன. தீவகத்துக்கு வேலணை மத்திய கல்லூரி. கிழக்கில், வி. நல்லையாவின் முயற்சியால் 1946இல் வந்தாறுமூலையில் ஒன்று. மட்டக்களப்பு நகரத்து மிஷன் கல்லூரிகளின் பக்கம் தலைவைத்தும் பார்க்க முடியாத விவசாயிகளின், மீனவர்களின் பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பில் சித்தியடைந்து, ஒரு பெட்டியோடு வந்தாறுமூலை விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். கிழக்கின் ஆசிரியர்கள், கவிஞர்கள், உத்தியோகத்தர்கள் என்று ஒரு தலைமுறை அங்கிருந்து வெளியே வந்தது. கூத்தை நவீன அரங்குக்குக் கொண்டுவந்த பேராசிரியர் சி. மௌனகுரு அந்தக் கல்லூரியின் மாணவர்.

அந்த வளவுக்குப் பிறகு நடந்தது எங்கள் வரலாறு. 1981இல் அங்கே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது சுற்றுவட்டாரக் கிராமங்களின் மக்கள் அங்கேதான் அடைக்கலம் புகுந்தார்கள். அந்த ஆண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி 158 பேர் அந்த அகதி முகாமில் இருந்து இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. உறவுகள் இன்றும் ஆண்டுதோறும் அந்த வாசலில் விளக்கேற்றுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்ட ஒரு விடுதிப் பாடசாலையின் வளவு இத்தனையையும் கண்டிருக்கிறது.

அவர் திட்டம் தொடாத இடங்கள்

கன்னங்கராவின் இலவசக் கல்வி எல்லோரையும் சேர்ந்தது என்று சொன்னால் அது பொய்.

மலையகத்துக்கு அது போகவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில வகுப்புகள். 1948இல் பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்ட அந்த மக்களின் பிள்ளைகளுக்கு, 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை இடைநிலைக் கல்வி என்பது எட்டாத பொருள். நாட்டின் வருமானத்தில் பெரும் பங்கைத் தேயிலையாகப் பறித்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள்தான் அந்த வருமானத்தில் நடந்த இலவசக் கல்விக்கு வெளியே நின்றார்கள்.

யாழ்ப்பாணத்துக்குள்ளும் ஒரு பூட்டு இருந்தது. அதைப் போட்டவர்கள் நாங்களே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக வாங்கில் இருக்கலாம் என்று 1930 அளவில் பணிப்பு வந்தபோது, அதைப் பொறுக்காமல் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். பல பாடசாலைகளின் கதவு அந்தப் பிள்ளைகளுக்கு அதன் பிறகும் நெடுங்காலம் திறக்கவில்லை. கட்டணம் இல்லை என்று கொழும்பில் சட்டம் போட்டுவிட்டால் ஊரில் வாசல் திறந்துவிடாது என்பதை எங்கள் வரலாறே காட்டுகிறது.

இன்னொரு பக்கம், பல்கலைக்கழகம்வரை இலவசம் என்று திறந்த அதே பாதையில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. பாடசாலை இலவசமாக இருந்தது. பல்கலைக்கழக வாசலில் மொழியையும் மாவட்டத்தையும் பார்த்துப் புள்ளி கூட்டிக் கழித்தார்கள். அதன் விளைவை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. கன்னங்கரா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார்.

தோற்ற மனிதரின் கடைசிக் காலம்

இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டில், 1947 பொதுத் தேர்தலில் மத்துகமவில் கன்னங்கரா தோற்றார். வென்றவர் வில்மட் பெரேரா. இலவசக் கல்வியால் நட்டப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து அவரைத் தோற்கடித்தார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் கல்வி வேறொருவரிடம் போனது.

அதன்பின் இந்தோனேசியாவுக்கு இலங்கையின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். 1952இல் அகலவத்தையில் வென்று பாராளுமன்றத்துக்குத் திரும்பினார். அவருக்குக் கிடைத்தது உள்ளூராட்சி அமைச்சு. கல்வி அமைச்சு திரும்பிக் கிடைக்கவே இல்லை. 1956இல் அரசியலில் இருந்து ஒதுங்கினார்.

பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராக இருந்தவர் பணம் சேர்க்கவில்லை. வயோதிப காலத்தில் அவருக்கு அரசு உதவிப்பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. ஒரு புலமைப்பரிசிலில் தொடங்கிய வாழ்க்கை ஓர் உதவிப்பணத்தில் முடிந்தது. 1969 செப்ரெம்பர் 23ஆம் திகதி, தன் எண்பத்து நான்காவது வயதில் அவர் காலமானார்.

உதவியா, உரிமையா?

இப்போது எங்கள் நிலைமைக்கு வருவோம்.

2009 ஓகஸ்டில், முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்து எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். கொப்பியும் புத்தகமும் பதுங்குகுழியில் விட்டுவந்தவை. பலருக்குத் தகப்பன் இல்லை, சிலருக்குக் கையோ காலோ இல்லை. அவர்கள் எழுதியது ஏட்டளவில் கன்னங்கராவின் இலவசக் கல்வியின் பரீட்சைதான். ஆனால் அவர்களை அந்த மேசைவரை கொண்டுவந்தது தாய்மாரும் ஆசிரியர்களும்.

அதன் பிறகு வந்தவைதான் இன்று எங்கள் கிராமங்களில் இருக்கும் கல்வி உதவித் திட்டங்கள். பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், தேவாலயங்கள், புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள், தனி மனிதர்கள் என்று பலரும் மாதாந்தம் ஒரு தொகையை ஒரு பிள்ளையின் பெயருக்கு வங்கியில் போடுகிறார்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பத்துப் பிள்ளை, காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளை, மாற்றுத்திறனாளியின் பிள்ளை என்று தெரிவு நடக்கிறது. அந்தப் பணம் இல்லாவிட்டால் எட்டாம் ஒன்பதாம் தரத்தில் கடைக்கோ கடலுக்கோ வீட்டு வேலைக்கோ போயிருக்கக்கூடிய பல பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

கன்னங்கராவின் வாழ்க்கை இந்த இடத்தில் எங்களிடம் சில விடயங்களைக் கேட்கிறது.

முதலாவது, காலம். டரலின் உதவி அந்தப் பையனின் றிச்மண்ட் படிப்பு முடியும்வரை நீடித்தது. மத்திய கல்லூரிப் புலமைப்பரிசிலும் அப்படித்தான் அமைந்தது. இன்றைய உதவிகளில் ஒரு பகுதி அப்படியில்லை. ஒரு ஆண்டுக்குக் கொடுத்து, படம் எடுத்து, அடுத்த ஆண்டு வேறு பிள்ளைக்குப் போய்விடுகிறது. ஏழாம் தரத்தில் தொடங்கிய உதவி பத்தாம் தரத்தில், செலவு கூடுகிற நேரத்தில் நின்றால், அந்தப் பிள்ளைக்கு அது ஏமாற்றம். இடைவிலகல் நடப்பதே அந்த வயதில்தான்.

இரண்டாவது, தெரிவு. கன்னங்கராவின் பரீட்சை கிராமத்துப் பிள்ளையைத் தேடிப் போவதற்காக வந்தது. இன்று அது ரியூசன் செலவு செய்யக்கூடிய வீட்டுப் பிள்ளையைப் பிரபல பாடசாலைக்குக் கொண்டுபோகும் வழியாகத் திரிந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி மேலதிக வகுப்புக்கு அனுப்புவதற்கு அதை வைத்துக்கொண்டிருக்கிறோம். உதவி கொடுப்பவர்களும் பல நேரங்களில் கெட்டிக்காரப் பிள்ளையையே கேட்கிறார்கள். நல்ல பெறுபேறு வந்தால் அறிக்கையில் போடலாம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைக்கும் கொப்பி வேண்டும், பஸ் காசு வேண்டும், மத்தியானச் சாப்பாடு வேண்டும். அந்தப் பிள்ளைக்குத்தான் அது கூடுதலாக வேண்டும்.

மூன்றாவது, மானம். உதவி பெறும் பிள்ளையை மேடையில் ஏற்றி, காசோலையின் பெரிய அட்டையோடு நிறுத்தி, தகப்பன் எப்படிச் செத்தார் என்று ஒலிவாங்கியில் சொல்லி, படத்தை முகநூலில் போடுவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. கன்னங்கரா மேடை ஏறியது பரிசு வாங்க, உதவி வாங்க அல்ல. உதவி அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் கிடைத்தது. அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள், வகுப்பறை இருக்கிறது.

நான்காவதுதான் பெரியது. ஓர் ஆங்கிலேய மதகுருவின் நல்ல மனதால் படித்த ஒரு மனிதர், நல்ல மனதுள்ளவர்கள் இன்னும் கூட வேண்டும் என்று கேட்டு நின்றுவிடவில்லை. நல்ல மனதுள்ள ஒருவரைச் சந்திக்காத பிள்ளையும் படிக்க வேண்டும் என்று சட்டம் கேட்டார். அவர் வாங்கிக் கொடுத்தது உரிமை. எண்பது ஆண்டுகள் கழிந்து, போர் தின்ற எங்கள் பிரதேசங்களில் அந்த உரிமை திரும்பவும் தருமமாக மாறிக்கொண்டிருக்கிறது. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஊர்ச் சங்கம் சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைக்கிறது. ஆய்வுகூட உபகரணத்தைப் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுக்கிறார்கள். வசதிக் கட்டணம் என்று பாடசாலையே பெற்றோரிடம் பணம் கேட்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறியபோது, இலவசக் கல்வி என்ற சொல்லுக்கு மிஞ்சி இருந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்தது.

அதனால் உதவியை நிறுத்தச் சொல்ல முடியாது. பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், அரசு திருந்தும்வரை அது காத்திருக்க முடியாது. ஆனால் கொடுக்கிற சங்கங்கள் ஒன்றைச் செய்யலாம். தாங்கள் உதவும் பாடசாலையில் எத்தனை ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறது, எத்தனை ஆண்டாக இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் விடுதி எப்போது திறக்கும் என்பதையும் வலயக் கல்விப் பணிமனையிடமும் மாகாணக் கல்வி அமைச்சிடமும் எழுத்தில் கேட்கலாம். பிள்ளைக்கு மாதம் பணம் அனுப்புகிறவர் அந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்தும் போடலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் அதை வாசிக்கலாம்.

கன்னங்கரா அரசாங்க சபையில் கேட்டது ஒரு பிள்ளைக்காக அல்ல. நாங்களும் எங்கள் பிள்ளைக்கு மட்டும் கேட்காமல், வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி கீழே நின்று, இன்னும் யாருடைய கண்ணிலும் படாத அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் கேட்க வேண்டும்.